கப்பலின் இயந்திர அறைத் தீயும் கிழக்குக் கரையின் ஆயத்தமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020 இல் அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால் எரிந்த ‘நியூ டயமண்ட்’ எண்ணெய்க் கப்பலை நினைவுபடுத்தித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எமது கரையோரம் மெல்ல மறந்துவரும் ஒரு நிகழ்வை மீண்டும் பேச்சுக்கு எடுத்தமைக்கு நன்றி. எனினும் அக்கட்டுரை, தீயணைப்பு முழுவதையும் ஹெலிகொப்டர்கள் கொட்டிய நீரினதும் கப்பல்கள் பீய்ச்சிய நீரினதும் கதையாகவே சொல்லி, தீ அணைந்ததாக அறிவிக்கப்பட்ட நாளுடன் விடயத்தை முடித்துவிட்டது. சரக்குக் கப்பல்களின் இயந்திர அறைகளில் நெடுங்காலம் வேலைசெய்து, இப்போது திருக்கோவிலில் ஓய்வாக இருப்பவன் என்ற வகையில் அதனுடன் எனக்கு உடன்பாடில்லை. இயந்திர அறையில் பற்றிய தீ, அணைந்ததாகச் சொல்லப்பட்ட பின்னர் வரும் நாட்களிலேதான் கரைக்கு மிகவும் ஆபத்தானது. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் கரையோர மக்கள் ஆயத்தமாக இருக்க வேண்டியதும் அந்த நாட்களுக்குத்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவைத்தின் மினா அல் அஹ்மதியிலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயை (சுத்திகரிக்காத கச்சா எண்ணெயை) ஏற்றிச் சென்றுகொண்டிருந்த, பனாமாக் கொடியுடைய அந்தக் கப்பலின் இயந்திர அறையில் 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி காலை தீப்பற்றியது. அப்போது அது சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் 23 பேர்; அவர்களில் 18 பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், 5 பேர் கிரேக்கர். இயந்திர அறையில் கொதிகலன் வெடித்ததில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். காயமடைந்த மூன்றாம் பொறியியலாளர் கல்முனைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பெற்றார். எமது கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் சேர்ந்து போராடி ஓரிரு நாட்களில் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. 6 ஆம் திகதியளவில் தீ அணைந்துவிட்டதாக நாம் எல்லோரும் மூச்சு விட்டோம். 7 ஆம் திகதி அது மீண்டும் பற்றியது. 9 ஆம் திகதியே முற்றாக அணைக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

அந்த 7 ஆம் திகதியைத்தான் தங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்து போயிற்று. எங்கள் ஊரில் அப்போது பலரும் என்னிடம் கேட்ட கேள்வி, சுற்றிவரக் கடல் நீர் இருக்க, இத்தனை கப்பல்கள் நாட்கணக்கில் நீர் அடிக்க, அணைந்த தீ எப்படி மறுபடியும் எரியும் என்பதே. காற்று மாறியது, அலை எழுந்தது என்று அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் உண்மை இருக்கலாம். ஆனால் அடிப்படைக் காரணம் இயந்திர அறையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதனை விளங்கிக்கொண்டால்தான் கரையிலுள்ள நாம் எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பது விளங்கும்.

பெரிய கப்பலொன்றின் இயந்திர அறை என்பது பெயரளவில்தான் அறை. கப்பலின் பின்பகுதியில், அடித்தளத்திலிருந்து புகைபோக்கி வரை பல தட்டுகளாக உயர்ந்து நிற்கும் இரும்புக் கூடம் அது. அதற்குள் பிரதான எஞ்சின், மின்பிறப்பாக்கிகள், கொதிகலன், எரிநெய்யைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள், பம்பிகள், ஆயிரக்கணக்கான மீற்றர் நீளத்துக்குக் குழாய்கள் என்று எல்லாமே நெருங்கி நிற்கும். எஞ்சினுக்குப் போகும் கனரக எரிநெய் தார் போலத் தடிப்பானது. அதனை 120 தொடக்கம் 140 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் எஞ்சினுக்குள் நுண்ணிய தூவலாகப் பாய்ச்ச முடியும். பாய்ச்சும் குழாய்களில் அமுக்கம் பல நூறு வளிமண்டல அளவில் இருக்கும். இந்தக் குழாய்களுக்கு ஓரிரு அடி தள்ளி, புகை வெளியேறும் குழாய்களும், அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்கு வளியை அமுக்கி ஊட்டும் டர்போசார்ஜர்களும் அதைவிட மிக அதிகமான வெப்பத்தில் இருக்கும். குழாயின் இணைப்பில் ஓர் ஆணி தளர்ந்தாலோ, ஓயாத அதிர்வினால் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு ஏற்பட்டாலோ, எரிநெய் புகைபோல் தூவி அந்தச் சூடான இரும்பில் படும். தீக்குச்சி தேவையில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும். உலகெங்கும் இயந்திர அறைத் தீ விபத்துகளுக்குத் திரும்பத் திரும்பக் காரணமாக இருப்பது இதுவே.

இதனால்தான், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை, எரிநெய் தெறித்துப் படக்கூடிய இடத்தில் 220 பாகைக்கு மேல் சூடாகக்கூடிய எந்தப் பரப்பையும் வெப்பக்காப்பு உறையால் மூடச் சொல்கிறது. உயர் அமுக்கக் குழாய்களுக்கு வெளியே இன்னுமொரு குழாய் இருக்கவும், உட்குழாய் கசிந்தால் எச்சரிக்கை ஒலிக்கவும் வேண்டும் என்கிறது. நடைமுறையில் நான் கண்டது என்னவென்றால், பழுது பார்க்கும்போது கழற்றிய உறையை வேலை முடிந்ததும் முன்பிருந்தபடியே சீராகக் கட்டுவதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதாகும். துறைமுகத்தில் தங்கும் மணித்தியாலங்களைக் குறைப்பதே இலாபம் என்று கப்பல் வணிகம் ஆகிவிட்ட காலத்தில், எண்ணெய் ஊறிய பழைய உறையோடு கடலுக்குப் போகும் கப்பல்கள் உண்டு. அதன் விலையைக் கொடுப்பவர் எஞ்சினுக்கு அருகில் நிற்பவர். கொதிகலன் இன்னொரு வகை ஆபத்து. அதன் எரிகூடத்தில் எரியாத எண்ணெய் ஆவி தேங்கியிருக்க, உள்ளே வளியை ஊதி அந்த ஆவியை வெளியேற்றாமல் பற்றவைத்தால், கூடம் முழுவதும் ஒரே கணத்தில் வெடிக்கும். ‘நியூ டயமண்ட்’ கொதிகலன் ஏன் வெடித்தது என்பது விசாரணையாளர்கள் சொல்ல வேண்டிய விடயம். நான் சொல்வது பொதுவான இயல்பை மட்டுமே.

இப்படிப் பற்றிய தீயை, பற்றிய சில நிமிடங்களுக்குள் கையில் தூக்கும் தீயணைப்புக் கருவியால் அடக்க முடியாவிட்டால், அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை மூடுவதுதான். எரிநெய்த் தாங்கிகளின் வால்வுகளை இயந்திர அறைக்கு வெளியே இருந்தே விரைந்து மூடுவதற்கு ஏற்பாடு உண்டு. அதனை இழுக்க வேண்டும். எரிநெய்ப் பம்பிகளையும் வளியூட்டும் விசிறிகளையும் வெளியிலிருந்தே நிறுத்த வேண்டும். வளி நுழையும் துவாரங்களையும் புகைபோக்கியைச் சூழவுள்ள திறப்புகளையும் கதவுகளையும் ஒன்று விடாமல் அடைக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகே, பெரும்பாலான கப்பல்களில் தனி அறையொன்றில் வரிசையாக நிற்கும் உருளைகளிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு இயந்திர அறைக்குள் விடப்படும். விதியின்படி அந்த வாயுவின் 85 சதவீதம் இரண்டு நிமிடங்களுக்குள் உள்ளே போய்ச் சேர வேண்டும்.

அந்த வாயு தீயை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மனிதரையும் கொன்றுவிடும். ஆகையால் வாயுவைத் திறப்பதற்கு முன்னர் எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையில் நிறுத்தி, ஆள் ஆளாகப் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். ஒருவர் குறைந்தால் கப்டனும் தலைமைப் பொறியியலாளரும் என்ன செய்வது? தேடுவதற்கு ஆள் அனுப்பினால் அனுப்பப்பட்டவர்களும் திரும்பாமற் போகலாம். அனுப்பாமல் வாயுவைத் திறந்தால் உள்ளே உயிரோடு கிடப்பவரை அவர்களே கொன்றதாகலாம். காத்திருந்தால் தீ மேலேறி, தங்குமிடத்துக்கும் கட்டுப்பாட்டுத் தளத்துக்கும் பரவும். இந்த முடிவை எடுப்பதற்கு அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. கரையில் இருந்துகொண்டு, கப்பலில் இருந்தவர்கள் உடனே அணைத்திருக்கலாமே என்று எழுதுபவர்கள் இதனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உயிரிழந்த அந்தப் பிலிப்பைன்ஸ் தொழிலாளியின் பெயர் எங்கள் பகுதியில் அநேகருக்குத் தெரியாது. அவர் எரிந்தது எங்கள் கடலில்.

இனி மீண்டும் பற்றுவதற்கு வருகிறேன். காபனீரொட்சைட்டு தீயை மூச்சடைக்கச் செய்கிறதே தவிர, இரும்பைக் குளிரவைப்பதில்லை. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள எஞ்சினும் அதனைச் சூழ்ந்த தட்டுகளும் எரிநெய் தானாகப் பற்றும் வெப்பநிலையைத் தாண்டிச் சூடேறியிருக்கும். விறகை இழுத்த பின்னரும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதைப் போல, சுவாலை போன பின்னரும் அந்த வெப்பம் உள்ளே தங்கியிருக்கும். மூடாத வால்வினாலோ வெடித்த குழாயினாலோ எரிநெய் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெய் ஊறிய வெப்பக்காப்பு உறைக்குள் கங்கு நாட்கணக்கில் கனலும். இந்த நிலையில் கதவொன்று திறபட்டாலோ, வெப்பத்தால் வளைந்த மூடி வழியாகவோ உடைந்த கண்ணாடி வழியாகவோ வளி புகுந்தாலோ, தீ முதலில் இருந்து தொடங்கும். இம்முறை அடிப்பதற்கு வாயு இருக்காது. அந்த உருளைகளை ஒரு முறைதான் திறக்க முடியும்.

நான் வேலைசெய்த ஒரு சரக்குக் கப்பலில், மின்பிறப்பாக்கியின் எரிநெய்க் குழாய் வெடித்துத் தீப்பற்றியபோது, எங்கள் தலைமைப் பொறியியலாளர் வாயுவைத் திறந்த பின்னர் இயந்திர அறைக் கதவில் ஆள் நிறுத்திக் காவல் போட்டார். புகை நின்றுவிட்டது, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று எங்களில் இளையவர்கள் சிலர் அவசரப்பட்டோம். அவர் மசியவில்லை. அறையைச் சூழவுள்ள சுவர்த்தகடுகளில் குறித்த இடங்களுக்கு மணிக்கொரு தடவை ஆளனுப்பி, வெப்பம் இறங்குகிறதா என்று பார்த்து எழுதச் சொன்னார். வெளிப்புறத் தகடுகளுக்கு ஓயாமல் நீர் அடிக்கச் சொன்னார். இரவு முழுவதும் அந்தக் கப்பல் விளக்கில்லாமல் அலையில் உருண்டது. மறுநாள் வெப்பம் கையால் தொடக்கூடிய அளவுக்கு இறங்கிய பிறகும், சுவாசக் கருவி பூட்டிய இருவரை மட்டும், நீர்க்குழாயுடன், அதுவும் மேற்கதவு வழியாக உள்ளே விட்டார். அவருடைய பிடிவாதத்தினால் நாங்கள் எல்லோரும் உயிரோடு ஊர் திரும்பினோம். பிறகு அவர் சொன்ன விளக்கம், தீயின் அளவைச் சுவாலையில் பார்க்காதீர்கள், தகட்டில் பாருங்கள் என்பதே.

‘நியூ டயமண்ட்’ போன்ற, 300 மீற்றருக்கும் அதிக நீளமான எண்ணெய்க் கப்பலில் இந்தக் காத்திருப்பின் முக்கியத்துவம் பன்மடங்கு பெரியது. நல்லவேளையாக, அத்தகைய கப்பல்களில் இயந்திர அறைக்கும் மசகு எண்ணெய்த் தாங்கிகளுக்கும் இடையில் பம்பி அறையோ, வெறுமையாக விடப்படும் வெற்றறையோ இருக்க வேண்டும் என்பது விதி. தாங்கிகளில் எண்ணெய்க்கு மேலுள்ள வெளியில், ஒட்சிசன் அளவு 8 சதவீதத்தைத் தாண்டாதவாறு எரியா வாயு நிரப்பப்பட்டிருக்கும். அதனால் பக்கத்தில் தீ எரிந்தாலும் எண்ணெய் உடனடியாகப் பற்றுவதில்லை. ஆனால் அந்த எரியா வாயுவை உற்பத்தி செய்யும் ஏற்பாடு கப்பலின் இயந்திரங்களிலேயே தங்கியிருக்கிறது. இயந்திர அறை எரிந்துபோன கப்பலில் குறையும் வாயுவை மீள நிரப்ப வழியில்லை. கப்பல்கள் வெளியிலிருந்து பீய்ச்சிய நீரின் பெரும்பயன் தீயை அணைப்பதல்ல, அந்த இடைச்சுவரையும் அதற்கப்பாலுள்ள தாங்கிகளையும் சூடேறாமல் காப்பதே. அந்தப் பணியை நம் நாட்டவரும் இந்தியரும் உயிரைப் பணயம் வைத்துச் செய்தார்கள். விமானப்படை வானிலிருந்து உலர் இரசாயனத் தூளையும் தூவியது. அதேவேளை நீருக்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறி உள்ளே தேங்கினால் அது ஆடி அசைந்து கப்பலின் சமநிலையைக் கெடுக்கும். மிதக்கும் எண்ணெயையும் தன்னோடு பரப்பும். ஆகவே, தீயணைப்பவர்கள் குறைவாக அடித்தார்கள் என்ற குறை கூறலும் நியாயமானதல்ல.

மசகு எண்ணெய் தப்பியது. ஆனால் கப்பலின் சொந்தப் பாவனைக்கென்று சுமார் 1,700 தொன் எரிபொருள் பின்பகுதியிலேயே, தீக்கு அருகிலேயே இருந்தது. கப்பலைச் சுற்றி எண்ணெய்ப் படலம் காணப்பட்டதும், அதனைக் கலைக்கும் இரசாயனம் தெளிக்கப்பட்டதும் தீயின் இறுதி நாட்களிலேயே நடந்தன. கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்கில் கப்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 12 மில்லியன் ரூபா தண்டம் விதித்தது. தீயணைப்புச் செலவாக 442 மில்லியன் ரூபாவைக் கப்பல் உரிமையாளர் தரப்பு செலுத்தியது. வழக்கு முடிந்ததோடு எங்கள் பகுதியில் அது பற்றிய பேச்சும் முடிந்துவிட்டது.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற கொள்கலன் கப்பல் எரிந்தது. அது இயந்திர அறைத் தீயல்ல, கொள்கலன்களிலிருந்து தொடங்கியது. ஆனாலும் ஒரு விடயத்தில் அது எமக்கு நேரடியான பாடம். மே 20 ஆம் திகதி தீ தெரிந்தது. மேற்குக் கரை பிளாஸ்டிக் மணிகளால் மூடப்பட்டதும், மீனவருக்குக் கடல் மறிக்கப்பட்டதும், கப்பல் மூழ்கியதும் அதன் பின்னர் வந்த நாட்களிலும் வாரங்களிலுமே. கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோதே அதன் பின்பகுதி கடலடியைத் தொட்டுவிட்டது. கொழும்பு நாட்டின் முதன்மைத் துறைமுகம். இழுவைக் கப்பல்களும் நிபுணர்களும் அருகிலேயே இருந்த இடம். சங்கமன்கண்டிக்கு எங்கிருந்து இழுவைக் கப்பல் வரும்? வடக்கே திருகோணமலை, தெற்கே அம்பாந்தோட்டை. இடையில் ஒலுவிலில் ஒரு துறைமுகம் கட்டினார்கள்; அதன் வாயில் மணல் நிறைந்து மீன்பிடிப் படகுகளுக்கே வழியில்லாமல் போனதையும், அதன் வடபுறக் கரையைக் கடல் அரித்ததையும் இப்பகுதி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வங்காள விரிகுடாத் துறைமுகங்களுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் தெற்கைச் சுற்றி எங்கள் கரைக்கு வெளியாலேயே வடக்கே போகின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னுமொன்றையும் எங்கள் மீனவர்கள் நன்றாக அறிவார்கள். ‘நியூ டயமண்ட்’ எரிந்தது செப்டெம்பரில். கிழக்குக் கடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும் காலம், கச்சான் எனும் மேல்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காலம். அந்தக் கடலிலேயே கப்பலுக்குக் கயிறு கொடுத்துக் கரையிலிருந்து விலக்கி வைத்திருப்பது இலகுவாக இருக்கவில்லை. இதுவே மார்கழி வாடையில், வடகீழ்ப் பருவக் காற்றுக் காலத்தில், நடந்திருந்தால்? காற்றும் அலையும் கரையை நோக்கித் தள்ள, எஞ்சின் செத்த கப்பலை யார் பிடித்து நிறுத்துவது? அதே மாதங்களில்தான் வெள்ளத்துக்காக, வாவிகள் கடலோடு சேரும் முகத்துவாரங்கள் வெட்டப்பட்டுத் திறந்திருக்கும். பாலமீன்மடுவாலும் கல்லாறாலும் பனிச்சங்கேணியாலும் எண்ணெய் உள்ளே ஏறினால், அது மணற்கரையில் ஒதுங்கிய எண்ணெயைப் போன்றதாக இருக்காது. மணலை வாரி அகற்றலாம். கண்டல் வேர்களுக்கிடையிலும் களப்புச் சேற்றிலும் படிந்த எண்ணெயை எந்தக் கருவியாலும் முழுமையாக எடுக்க முடியாது. இறாலும் நண்டும் அங்கேதான் குஞ்சு பருவத்தைக் கழிக்கின்றன. வாவியை நம்பியுள்ள குடும்பங்களிடம் ஆழ்கடலுக்குப் போகும் படகும் இல்லை. அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இவற்றைக் கருத்தில் கொண்டே சில வேண்டுகோள்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்கிறேன். கடலுக்கு அப்பால் கப்பல் ஒன்றில் தீ என்ற செய்தி வந்த நேரத்திலிருந்து, அந்தக் கப்பலின் தகடுகள் குளிர்ந்து, அது பாதுகாப்பான தூரத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது உறுதியாகும் வரை, கரையோரப் பிரதேச செயலகங்களுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் நாள்தோறும் தமிழில் தகவல் கிடைக்க வேண்டும். சுவாலை நின்றது என்பதோடு அந்தத் தகவல் நின்றுவிடக் கூடாது. கப்பல் எவ்வளவு தூரத்தில் உள்ளது, எத்திசையில் நகர்கிறது, எரிநெய்த் தாங்கிகளின் நிலை என்ன, எப்பகுதிக்குத் தொழிலுக்குப் போகக் கூடாது என்பன அதில் இருக்க வேண்டும். 2020 இல் எங்கள் கரையில் பலரும் நிலைமையை அறிந்தது தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியில் சுற்றிய படங்களிலுமே. தீ அணைந்தது என்ற செய்தியைக் கேட்டுப் படகை இறக்கியவர்களும், அது பொய் என்று எண்ணிப் பல நாள் தொழிலை விட்டவர்களும் ஒரே கிராமத்தில் இருந்தார்கள்.

எண்ணெய்க் கசிவுக்கான தேசிய அவசரத் திட்டம் ஒன்று நாட்டில் உண்டு; சமுத்திர சூழல் பாதுகாப்பு அதிகார சபை அதற்குப் பொறுப்பாக உள்ளது. அந்தத் திட்டம் பொத்துவிலிலும் வாகரையிலும் என்ன வடிவம் எடுக்கும் என்பதை அங்குள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். எந்த முகத்துவாரத்தை முதலில் மறிப்பது, அதற்கான மிதவைத் தடுப்புகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, கொழும்பிலிருந்து லொறி வந்து சேர எத்தனை மணித்தியாலம் ஆகும், அதுவரை மணல்மூட்டைகளால் மறிப்பதற்கு யாருடைய அனுமதி தேவை என்பனவற்றை நெருக்கடி வந்த பிறகு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முகத்துவாரத்தின் நீரோட்டத்தை நாள் தவறாமல் பார்க்கும் மீனவரை விட அதனை நன்கறிந்தவர் எவருமில்லை. அவர்களை அழைத்து, வரைபடத்தை விரித்து, ஒரு நாள் பேசினால் போதும். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல இது.

இழப்பீடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய்த் தாங்கிக் கப்பல்களிலிருந்து கசியும் எண்ணெயினால் ஏற்படும் பாதிப்புக்கு, 1992 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைகளின் கீழ், தொழில் இழந்த மீனவரும் இழப்பீடு கோரலாம். இலங்கையும் அவற்றில் இணைந்துள்ளது. ஆனால் கோருபவர் தமது இழப்பை நிரூபிக்க வேண்டும். வழமையாக எவ்வளவு மீன் பிடித்தோம், என்ன விலைக்கு விற்றோம் என்பதற்குப் பதிவு இல்லாதவர் என்ன இழந்தார் என்று எப்படிக் காட்டுவார்? கரைவலைக்காரரும் வாவியில் தோணி வலிப்பவரும் சிட்டை எழுதுவதில்லை. சங்கங்கள் ஒரு கொப்பி வைத்து நாளாந்தப் பிடியை எழுதத் தொடங்கினால், அந்தப் பதிவு நெருக்கடியின்போது பெறுமதிமிக்க சான்றாக அமையும். படிப்பறிவுள்ள பிள்ளைகள் எங்கள் எல்லா மீனவக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில், வாழைச்சேனையிலிருந்தும் ஏனைய இடங்களிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போகும் பலநாட்கலங்களில் தொழில்செய்யும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கலத்தின் எஞ்சின் அறையும், சிறியதே ஆனாலும், மேலே நான் விளக்கிய அறைதான். டீசல் தாங்கியும் பற்றரியும் சமையல் அடுப்பும் நாரிழையால் செய்த உடலும் ஒரு சில அடிக்குள் இருக்கின்றன. எஞ்சின் அறைக்குள் புகை கண்டால், என்ன நடக்கிறதென்று பார்ப்பதற்காக மூடியை அகலத் திறக்காதீர்கள். திறந்தால் நீங்களே வளியைக் கொடுக்கிறீர்கள். எஞ்சினை நிறுத்தி, டீசல் வால்வை மூடி, வளி போகும் வழிகளை ஈரச் சாக்குகளால் அடையுங்கள். டீசல் வால்வின் கைபிடி எஞ்சின் அறைக்கு வெளியே இல்லாவிட்டால், அடுத்த முறை கரைக்கு வந்ததும் அதனை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். புகை நின்ற பிறகும் பொறுத்திருங்கள். வானொலியில் உதவி கேட்பதைத் தீ பெரிதான பின் செய்யலாம் என்று பின்போடாதீர்கள். பற்றரி எரிந்துவிட்டால் வானொலியும் இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் யானை வேலி, வீதி, மணல் அகழ்வு என்று எத்தனையோ விடயங்கள் பேசப்படுகின்றன. அவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. அவற்றோடு கப்பல் தீயையும் ஒரு விடயமாகச் சேர்த்து, இவ்வருட வாடை தொடங்கும் முன்னர், அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுகளும் கடற்படையும் கடற்றொழில் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கப்பலின் எந்தப் பகுதியில் தீ பற்றினால் கரை எதனை எதிர்பார்க்க வேண்டும், எத்தனை நாட்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, என்னைப் போல் இயந்திர அறைகளில் வேலைசெய்து ஊர் திரும்பியவர்கள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பலர் இருக்கிறோம். எந்தக் கிராமத்துக்கு அழைத்தாலும் வந்து சொல்லித்தருவோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கப்பல் இயந்திரப் பணியாளர்,
திருக்கோவில்.